பாதி இஸ்திரி கொடியிலேயே முடிந்துவிடும்

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஃபேனையும் நிறுத்திவிட்டு (ஓடினால் பெட்டிச் சூடு ஆறிவிடும் என்பது அம்மாவின் சட்டம்) வியர்வை சொட்டச் சொட்டத் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் கடுப்பாகி எண்ணிப் பார்த்தேன். 34 உருப்படி. என் சட்டை 6, பேண்ட் 4, மனைவியின் காட்டன் புடவை 5, பிள்ளைகள் இரண்டு பேரின் சீருடை மேலும் கீழுமாக 12, மிச்சம் 7 என்ன என்று பார்த்தால் தலையணை உறை, கர்சீப், அப்புறம் என்னுடைய லுங்கி. லுங்கியை எதற்கு ஐயா தேய்க்கிறேன்? யாரும் தேய்க்கச் சொல்லவில்லை, குவியலில் கிடந்தது, கை தானாக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். அன்றைக்கு இரண்டரை மணி நேரம் போனது.

இப்போது வாரத்துக்கு 11 அல்லது 12 உருப்படிதான், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, வீட்டில் யாரும் கசங்கிப்போய் வெளியே கிளம்புவதும் இல்லை. எப்படிக் குறைந்தது என்றுதான் சொல்லப்போகிறேன். புதிதாக எந்தக் கருவியும் வாங்கவில்லை. தேய்க்கும் மேசையில் செய்த மாற்றத்தைவிட பக்கெட்டிலும் கொடியிலும் செய்த மாற்றம்தான் அதிகம்.

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள், தேய்த்துக் கட்டு என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் ‘கசக்கு’ என்ற சொல்லிலேயே வில்லங்கம் இருக்கிறது. துவைப்பதும் கசக்குவதுதான், சுருக்கம் விழ வைப்பதும் கசக்குவதுதான். நாம் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டு அப்புறம் பெட்டியைத் தேடுகிறோம்.

சுருக்கம் எப்போது விழுகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. அதன் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும், தண்ணீர் பட்டால் அந்தப் பிடி தளரும், காயும்போது துணி எந்த நிலையில் கிடக்கிறதோ அதே நிலையில் மறுபடி பிடித்துக்கொள்ளும். சுருண்டு கிடந்து காய்ந்தால் சுருண்டபடி, விறைப்பாகத் தொங்கிக் காய்ந்தால் விறைப்பாக. இஸ்திரிப் பெட்டி செய்வதும் இதே வேலைதான்: கொஞ்சம் ஈரம், சூடு, அழுத்தம், புது நிலையில் காய வைப்பது. ஆக ஈரத் துணி கையில் இருக்கும்போதே நேராக்கிவிட்டால் அந்த வேலையில் பாதியை வெயிலும் காற்றும் சும்மா செய்து கொடுத்துவிடும். பாலியஸ்டர் கதை வேறு. அது தண்ணீருக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது, சூட்டுக்குத்தான் இளகும். அதனால் பாலியஸ்டர் கலந்த சீருடையை வெந்நீரில் ஊறவைத்துச் சூட்டோடு முறுக்கிப் பிழிந்தால் சுருக்கம் அப்படியே பதிந்துவிடும். பச்சைத் தண்ணீரே போதும்.

முதலில் பிழிவதைப் பற்றி. எங்கள் வீட்டில் இருப்பது செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மிஷின். அதில் ட்ரையர் தொட்டியில் துணியை அமுக்கி அடைத்து ஐந்து நிமிடம் சுற்ற விடுவதுதான் வழக்கமாக இருந்தது, எடுத்தால் ஒவ்வொரு சட்டையும் பிரிமணை மாதிரி சுருண்டு வரும். இப்போது துண்டு, பெட்ஷீட், ஜீன்ஸ் ஒரு ஈடு, அதற்கு எவ்வளவு நேரம் சுற்றினாலும் பரவாயில்லை. சட்டை, சுடிதார், சீருடை தனி ஈடு, நாலைந்துதான் போடுவது, ஒரே நிமிடம். சொட்டுச் சொட்டாக நீர் நிற்கும் அளவு ஈரத்தோடு எடுத்தால் இன்னும் நல்லது, அந்த நீரின் கனமே கீழே இழுத்துத் துணியை நேராக்கும். ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் சுற்றும் வேகத்தைக் குறைத்து வையுங்கள், நிமிடத்துக்கு 400 முதல் 600 சுற்று போதும், டிரம்மையும் பாதிக்கு மேல் கொஞ்சம் வரை மட்டும் நிரப்புங்கள். மிஷின் நின்று கூப்பிட்டதும் எடுத்துவிட வேண்டும். சீரியல் முடியட்டும் என்று விட்டால் அந்த அரை மணி நேரத்தில் விழும் மடிப்பு இருக்கிறதே, அது பெட்டிக்கே அடங்காது. கையால் துவைப்பவர்கள் முறுக்காமல் உள்ளங்கையால் அமுக்கித் தண்ணீரை வடித்துவிட்டு, குழாய் மேலேயே கால் மணி நேரம் தொங்கவிட்டால் போதும்.

எங்கள் ஊரில் இன்னொரு விஷயம் சேர்ந்துகொள்கிறது, போர்த் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்றாலே ஃப்ளோரைடு, பல்லில் கறை, அதற்காக வந்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம், இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் துணியை அட்டை மாதிரி விறைக்க வைப்பது ஃப்ளோரைடு இல்லை, உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். சோப்புக் கட்டி போட்டுத் தேய்த்தால் அவை சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகி இழையில் ஒட்டிக்கொள்ளும், துணி விறைக்கும், விறைத்த துணியில் விழுந்த மடிப்பு லேசில் போகாது. இதற்கு நான் செய்தது மூன்றே: சோப்புக் கட்டியை காலருக்கும் கஃபுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதற்கு லிக்விட் டிடர்ஜென்ட், அளவைக் குறைத்து, ஒரு அலசலுக்குப் பதில் இரண்டு, கடைசி அலசல் பக்கெட்டில் அரை டம்ளர் வெள்ளை வினிகர். வினிகர் வாசனை காய்ந்ததும் போய்விடும், பயப்பட வேண்டாம். ஆனால் பிளீச்சிங் போட்ட பக்கெட்டில் மட்டும் வினிகரை ஊற்றவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

அடுத்தது கொடி. இங்கேதான் உண்மையான லாபம்.

சட்டையைக் கயிற்றின் மேல் நடுவாக மடித்துப் போட்டால் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு விழும், அதை எடுக்கத் தனியாகத் தேய்க்க வேண்டும். ஹேங்கரில் மாட்டுங்கள், பிளாஸ்டிக் ஹேங்கர், கம்பி ஹேங்கர் என்றால் துருக் கறை பிடித்துவிடும். மாட்டுவதற்கு முன் தோள்பட்டையைப் பிடித்து இரண்டு உதறு உதறுங்கள், பட்டென்று சத்தம் கேட்க வேண்டும். மேல் பட்டனையும் நடுவில் ஒன்றையும் போட்டுவிட்டு, பட்டன் பட்டியை மேலும் கீழும் பிடித்து இழுத்து, காலரை விரலால் நீவி, கஃபை இழுத்து விடுங்கள். ஒரு சட்டைக்கு 20 வினாடி ஆகும். பெட்டியில் அதே சட்டைக்கு நாலைந்து நிமிடம் ஆகிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பேண்டைத் தலைகீழாக, கால் முனைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும், உள்தையலும் வெளித்தையலும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி. இடுப்புப் பக்கக் கனம் கீழே இழுக்க, மடிப்பு தானாக நிற்கும். டி-ஷர்ட்டுக்குத் தோளில் கிளிப் போட்டால் காது முளைத்த மாதிரி ஆகிவிடும், அடி விளிம்பில் போடுங்கள். நிழல் இருந்தால் நிழலில், இல்லையென்றால் உட்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக் காய வைப்பது நல்லது. சாயமும் வெளுக்காது, நம்மைப் போல 44-ம் எண் நெடுஞ்சாலைக்கும் 48-ம் எண் நெடுஞ்சாலைக்கும் நடுவில் குடியிருப்பவர்களுக்குப் புழுதியும் உட்புறத்தோடு போய்விடும்.

ஆடி மாதம் இதற்கு யோகமான மாதம். அந்தக் காற்றில் ஹேங்கரில் ஆடி ஆடிக் காய்ந்த சட்டைக்கு அநேகமாகப் பெட்டியே வேண்டாம். ஆனால் ஹேங்கர் கொக்கியைக் கயிற்றோடு கிளிப் போட்டுப் பிடிக்க மறந்துவிடாதீர்கள். எங்கள் மாடியிலிருந்து கிளம்பிய வெள்ளைச் சட்டை ஒன்று இரண்டு வீடு தள்ளித் தென்னை மட்டையில் போய் உட்கார்ந்து மூன்று நாள் கொடியேற்றிய மாதிரி பறந்தது.

முழுக்க மொறுமொறு என்று காயும்வரை விடாமல் முக்கால் காய்ச்சலில் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. எடுத்ததும் மடித்து வைக்க வேண்டும். இது எங்கள் வீட்டில் பெரிய போராட்டமாக இருந்தது. கொடியிலிருந்து எடுத்த துணியை நாற்காலி மேல் குவிப்பது என்பது தமிழ்நாட்டு வீடுகளின் பொது வழக்கம், அந்த நாற்காலியில் மனிதர்கள் உட்கார்ந்து வருடக்கணக்கு ஆகியிருக்கும். கொடியில் எவ்வளவு ஒழுங்காகக் காய வைத்தாலும் குவியலில் ஒரு ராத்திரி கிடந்தால் எல்லாம் வீண். நாற்காலியை எடுத்து மாடிக்கு அனுப்பிவிட்டேன். இப்போது ஹேங்கரோடு எடுத்து அப்படியே பீரோவில் மாட்டிவிடுவது. முதல் வாரம் திட்டு விழுந்தது, அப்புறம் பழகிவிட்டது.

காட்டன் புடவைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மனைவி ஆசிரியை, வாரம் ஐந்து நாளும் காட்டன்தான். கெட்டியாகக் கஞ்சி போட்டால் கட்டும்போது கம்பீரமாக இருக்கும், உண்மை, ஆனால் தேய்க்காமல் கட்டவே முடியாது, அதோடு பேருந்தில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் விழும் மடிப்பு மாலைவரை போகாது. எனவே கஞ்சியை லேசாக்கினோம். ஒரு புடவைக்கு இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியைக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை வேகவைத்து, வடிகட்டி, அரை பக்கெட் தண்ணீரில் கலந்து முக்குவது. சோறு வடித்த கஞ்சியும் ஆகும், ஆனால் அன்றே போட வேண்டும், இல்லாவிட்டால் புளித்த வாடை வந்துவிடும். முக்கால் காய்ச்சலில் எடுத்து, அந்த முனையை அம்மா, இந்த முனையை நான்.

“டேய், இழுடா, சோறு திங்கல?” என்று அம்மா சொல்லும்வரை இழுக்க வேண்டும். குறுக்காக ஒருமுறை, நீளவாக்கில் ஒருமுறை, கரை சுருண்டிருந்தால் அதை மட்டும் விரலில் பிடித்து இன்னொருமுறை. பிறகு நீளமாக நாலாக மடித்து, மெத்தைக்கு அடியில் ஒரு ராத்திரி. அம்மா காலத்தில் பாய்க்கு அடியில். பித்தளைச் சொம்பில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றித் துணிமேல் ஓட்டியே வெள்ளைச் சட்டை தேய்த்த கதையையும் அந்த நேரத்தில்தான் சொல்லுவார். இப்படிச் செய்த புடவையில் பெட்டி போட வேண்டிய இடம் முந்தானையும் கொசுவம் வரும் பகுதியும்தான். ஐந்தரை மீட்டரில் உள்ளே சுற்றிப் போகிற முதல் ஒரு மீட்டரை யார் பார்க்கப்போகிறார்கள்? இரண்டு பேர் வேண்டும் என்பதுதான் இதில் சிரமம். தனியாக இருப்பவர்கள் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு இழுக்கலாம்.

எதைத் தேய்க்கவே வேண்டாம் என்பதையும் ஒருமுறை உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். துண்டு, லுங்கி, நைட்டி, பெட்ஷீட், உள்ளாடை, டி-ஷர்ட், ஜீன்ஸ், இவையெல்லாம் எங்கள் வீட்டில் ஒரே நாளில் பட்டியலிலிருந்து போயின. பையனுடைய சீருடைச் சட்டை முதல் பீரியட் முடிவதற்குள் எப்படியும் கசங்கிவிடுகிறது, அதனால் ஹேங்கரில் காய்ந்ததைக் காலரும் பட்டியும் மட்டும் ஓட்டி அனுப்புகிறேன், திங்கட்கிழமை மட்டும் முழுசாக. ஓசூர் பக்கம் மார்கழிக் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கும் காலரும் கஃபும் போதும்.

கசங்கிய சட்டையோடு ஆபீஸ் போனால் மரியாதை போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2024 மே மாதம் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் திங்கட்கிழமைகளில் தேய்க்காத உடை உடுத்தி வரச் சொன்னார்கள், ‘ரிங்கிள்ஸ் அச்சே ஹைன்’ (சுருக்கம் நல்லதுதான்) என்று ஆங்கிலமும் இந்தியும் கலந்து பெயர் வைத்து. அப்போது அதன் தலைமை இயக்குநராக இருந்தவர் தமிழ்நாட்டுக்காரர், கலைச்செல்வி, அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ஒரு ஜோடி உடையைத் தேய்த்தால் சுமார் 200 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது என்பது அவர்கள் சொன்ன கணக்கு. விஞ்ஞானிகளே கசங்கிப் போகலாம் என்றால் நமக்கென்ன? ஆனாலும் கல்யாணத்துக்கும் இன்டர்வியூவுக்கும் நான் தேய்த்துத்தான் போட்டுக்கொள்வேன். ஆள் பாதி ஆடை பாதி என்பதும் பொய்யில்லை.

கரண்ட் பில் குறையும் என்று நினைத்து இதைச் செய்யாதீர்கள், ஏமாந்து போவீர்கள். 1000 வாட் பெட்டி ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால் ஒரு யூனிட், தெர்மோஸ்டாட் அவ்வப்போது அணைத்துவிடுவதால் நிஜத்தில் அதற்கும் கீழே. இரண்டு மாத பில் கணக்கில் இது பெரிய தொகை இல்லை. 500 யூனிட் கோட்டுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு வேண்டுமானால் நாலைந்து யூனிட் கூட முக்கியம், ஏனென்றால் அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். மிச்சமாவது நேரம், இடுப்பு வலி, அப்புறம் சித்திரை வெயிலில் அந்தச் சூட்டின் பக்கத்தில் நிற்காமல் இருப்பது.

சரி, தேய்த்தே ஆக வேண்டிய அந்தப் பத்துப் பன்னிரண்டை எப்படித் தேய்ப்பது? தினமும் காலையில் ஒன்றொன்றாக வேண்டாம், ஒவ்வொரு முறையும் பெட்டி சூடாகும் நேரம் வீண், அவசரத்தில் சுட்டுக்கொள்வதும் அப்போதுதான். அரை மணி நேரம் முன்பே துணிமேல் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்துவிட்டால் ஈரம் சமமாகப் பரவிவிடும். குறைந்த சூட்டுத் துணியிலிருந்து தொடங்குங்கள், பெட்டி சூடேற அதிக நேரம் ஆகாது, ஆறத்தான் நேரம் எடுக்கும். துணி லேபிளில் இருக்கும் பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி வரை, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200, குறுக்கே பெருக்கல் குறி என்றால் பெட்டியே ஆகாது. நைலான் முதலில், பிறகு பாலியஸ்டர், பட்டு, கடைசியில் பருத்தி. பட்டுத் துணியை உட்பக்கம் திருப்பி மேலே மெல்லிய துணி விரித்துத்தான். கடைசி இரண்டு கர்சீப்புக்கு சுவிட்சை அணைத்துவிட்டு மிச்சச் சூட்டிலேயே ஓட்டலாம். சட்டையில் காலர் முதலில், முனையிலிருந்து நடுவை நோக்கி, பிறகு தோள், கஃப், கை, கடைசியாக உடம்பு. தேய்த்த கையோடு மடிக்கவோ போட்டுக்கொள்ளவோ கூடாது, ஐந்து நிமிடம் ஹேங்கரில் ஆற வேண்டும், சூட்டோடு மடித்தால் மறுபடி மடிப்பு விழும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாத துணியைப் பெட்டியால் காய வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், தையலுக்குள் ஈரம் நிற்கும், மதியத்துக்குள் நாறும். ராத்திரி ஃபேனுக்குக் கீழே ஹேங்கரில் இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

முன்பொருமுறை நான் பட்ட பாடு: 2000 வாட் நீராவிப் பெட்டி வாங்கிய உற்சாகத்தில் அதைச் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிவிட்டேன், கால் மணி நேரத்தில் பிளாஸ்டிக் உருகும் வாடை. தப்பு என்னுடையதுதான். 1000 வாட் என்றால் 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குள், 6 ஆம்பியர் பிளக் தாங்கும்; 2000 வாட் என்றால் எட்டரை ஆம்பியருக்கு மேல், அதற்கு ஃபிரிட்ஜ், கீசருக்குப் போடும் பெரிய 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும். நீராவிப் பெட்டிக்குப் போர்த் தண்ணீர் ஊற்றினால் சில மாதத்தில் துளைகள் அடைத்துக்கொண்டு வெள்ளைத் துகளைச் சட்டைமேல் துப்பும், ஆர்ஓ தண்ணீரே ஊற்றுங்கள். சாதாரண இரும்புப் பெட்டியின் அடியில் கறை பிடித்தால் காகிதத்தில் கல் உப்பைத் தூவி, சூடாக இருக்கும்போது அதன்மேல் நாலு முறை ஓட்டினால் போய்விடும். நான்ஸ்டிக் அடிப்பாகம் என்றால் உப்பு கூடாது, கீறிவிடும், ஆறவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள்.

வெளியே கொடுப்பதாக இருந்தால் நேரம் பிடிக்கிற உருப்படியைக் கொடுங்கள், அதாவது பேண்டும் கஞ்சி போட்ட புடவையும். எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்திருக்கும் அண்ணா இன்னும் கரிப்பெட்டிதான், அந்தக் கனத்துக்கு மடிப்பு ஒரே ஓட்டில் நிற்கிறது. நாள் முழுக்கக் கரிப்புகையில் நிற்பவர் அவர், 10 ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். பக்கத்துத் திருவண்ணாமலையில் வினிஷா உமாசங்கர் என்ற பள்ளி மாணவி இதைப் பார்த்துத்தான் சூரிய சக்தி இஸ்திரி வண்டியை வடிவமைத்தார், 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசவும் செய்தார். எங்கள் தெருவுக்கு அந்த வண்டி இன்னும் வரவில்லை.

துணி வாங்கும்போதே பாதியைத் தவிர்க்கலாம். பர்கூர் ஜவுளிக் கடைகளுக்குப் போனால் விலையைப் பார்ப்பதற்கு முன் துணியின் ஒரு மூலையை உள்ளங்கையில் பத்து வினாடி இறுக்கிப் பிடித்து விடுங்கள், கோடு கோடாக நின்றால் அது உங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும் துணி. லினன் அழகுதான், ஆனால் கசங்குவதில் அதை அடிக்க ஆள் இல்லை. முழுப் பாலியஸ்டர் கசங்காது, வெயிலில் வெந்துபோவோம். 60 பங்கு பருத்தி, 40 பங்கு பாலியஸ்டர் கலந்தது எனக்கு ஒத்து வருகிறது. ரிங்கிள் ஃப்ரீ என்று எழுதிய பருத்திச் சட்டையில் பெரும்பாலும் ஒரு ரெசின் பூச்சு ஏற்றியிருப்பார்கள், ஃபார்மால்டிஹைடு சேர்ந்தது, அதனால் வாங்கியதும் ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள். நாள்பட அந்தப் பூச்சின் வீரியம் குறைந்துவிடும் என்பதையும் மனதில் வைத்து விலை கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் காலையில் கரண்ட் இருக்காது, பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும், சட்டை முன்பக்கம் கசங்கியிருக்கும். ஹேங்கரில் மாட்டி, ஸ்ப்ரே பாட்டிலில் லேசாகத் தண்ணீர் அடித்து, மேலும் கீழும் இழுத்து உள்ளங்கையால் நீவிவிட்டுப் பல் தேய்க்கப் போங்கள். குளித்துவிட்டு வருவதற்குள் ஒரு மாதிரி ஒழுங்காகியிருக்கும், முதுகுப் பக்கம் சீட்டில் சாய்ந்ததும் எப்படியும் கசங்கப்போகிறது, அதை விட்டுவிடுங்கள்.